நாய் துரத்தும் சந்து

ஜூலை 3

அளவுகோலுக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் முதல் வாக்கியம் முடிவதற்குள் “சரிக்கா, விஷயத்துக்கு வா” என்றிருப்பாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

எனக்கு இந்த வருடம் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, சமூக அறிவியல். முதல் பாடம் ‘நாம் வாழும் பகுதி’. புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம். அதிலும் பாதி, எங்களில் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு ஊரின் படம். அதனால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இருக்கிறதே, அந்தப் பொது வரைபடத்தை வகுப்பில் திறந்தேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பு அதில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. “இதை நாமளே நிரப்பலாமா?” என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மூன்று வாரம் நடந்தார்கள். காலடியால் அளந்தார்கள், கேட்டார்கள், நோட்டில் வரைந்தார்கள். பள்ளியில் உயிரோடு இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்கில் மாறி மாறி உட்கார்ந்து ஏற்றினார்கள். முப்பத்தொரு திருத்தம். இருபத்திரண்டு தெருவும் சந்தும், ஒன்பது பெயர்.

மறுநாள் ஆய்வு அதிகாரி வந்தார். என் தகுதிகாண் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. நான் நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அவர் பேனாவில் இருக்கிறது. மனிதர் நாற்பது நிமிடம் தாமதம். போனில் இருக்கும் வரைபடம் அவரை ஏதோ ஒரு தொழிற்சாலையின் பின்சுவரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டதாம். வியர்த்து வழிந்து, கடுகடுவென்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பெருமையாக புரொஜெக்டரைப் போட்டேன்.

சாம்பல் நிறத் திட்டு. அதன்மேல் பெரிய எழுத்தில்:

“இது விளையாடும் இடம் இல்லை. 31 திருத்தங்களும் நீக்கப்பட்டன. கணக்கு முடக்கப்பட்டது. – அளவுகோல்.”

முதல் பெஞ்சில் ஒருத்தி அதைத் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்தும் முடித்துவிட்டாள்.

ஆறு வயதில் என் பென்சில் பெட்டியிலிருந்து அளவுகோலைத் திருடி, தோசைக்கல்லிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் மூக்கு வரை அளந்துகொண்டு திரிந்த உனக்கு அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். இதே வரைபடத்துக்கு நீ உன் நில அளவை ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் சரிபார்ப்பவனாக உட்கார்ந்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். என் வகுப்பு வரைபடம் போடுகிறது என்பது உனக்கும் தெரியும். போன மாதம் போனில் சொன்னேன். நீ “ம்ம்” என்றாய். பின்னணியில் விசைப்பலகை சத்தம் கேட்டது.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு சமூக அறிவியல் ஆசிரியை (இப்போதைக்கு)

*

ஜூலை 8

அக்கா,

முழுசாகப் படித்தேன். இரண்டு தரம்.

நீ “ஸ்கூல்ல மேப் வேலை நடக்குது” என்றாய். சுவரில் தொங்குகிற துணிப் படம் என்று நினைத்தேன். அது என் தப்பு. மற்றது என் தப்பு இல்லை.

என் இடத்தில் உட்கார்ந்து பார். காலை பதினோரு மணிக்கு, நேற்றுத் தொடங்கிய ஒரு கணக்கிலிருந்து, ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு திருத்தம். அதில் ஒன்றின் பெயர் ‘நாய் துரத்தும் சந்து’. இன்னொன்று ‘நீச்சல் தெரு’. இன்னொன்று ‘மூணு தையல்காரர் முக்கு’. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? வாரத்துக்கு இருநூறு திருத்தம் பார்க்கிறேன். தன் காதலி பெயரில் ஏரி வைப்பவன், எதிர்வீட்டைக் ‘கழுதைத் தொழுவம்’ என்று குறிப்பவன், எல்லாரும் வருகிறார்கள். ஒவ்வொருவனையும் கூப்பிட்டு “தம்பி, சாப்பிட்டியா, ஏன் இப்படிச் செஞ்சே?” என்று கேட்க எனக்கு நேரம் இல்லை. அந்த வாசகம் முன்பே எழுதி வைத்தது. பொத்தானை அழுத்தினால் போகும்.

விதிமுறைப் பக்கத்தை நீ படித்தாயா? படித்திருக்க மாட்டாய். போன வருடமே உன் வகுப்புக்கு வந்து இந்த வரைபடத்தைச் சொல்லித் தருகிறேன் என்றதற்கு, “நீ வந்தா வகுப்பை நீயே எடுத்துடுவே” என்றாய்.

அந்த அதிகாரியின் முகவரி அனுப்பு. வரைபடம் எப்படி இயங்குகிறது என்று நான்கு வரியில் எழுதிப் போடுகிறேன். புரிந்துகொள்வார்.

அக்கா என்பதற்காக முடக்கத்தை எடுக்க முடியாது. காரணம் வேண்டும்.

தம்பி

*

ஜூலை 14

தம்பி,

அவருக்கு நான்கு வரி எழுதினாயோ, அடுத்த ரயிலைப் பிடித்து ஒரு பகலும் ஒரு இரவும் உட்கார்ந்து வந்து உன் கையை ஒடிப்பேன். உன் நான்கு வரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வரியிலேயே ‘உங்களுக்குப் புரியாது’ என்று இருக்கும்.

அவர் எழுதிய குறிப்பின் நகலைத் தலைமையாசிரியை காட்டினார். “பாடநேரத்தில் இணைய விளையாட்டு. கற்றல் விளைவு எதுவும் தென்படவில்லை. மறு ஆய்வு: ஆகஸ்ட் 21.” மறு ஆய்விலும் இதே மாதிரி எழுதினால், இருபத்திரண்டாம் தேதி நான் வேறு வேலை தேட வேண்டும். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. “அந்தப் படத்தை மூடுங்க டீச்சர், புத்தகத்தைத் திறங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நல்ல பிள்ளையா இருங்க” என்றார். நானும் சரி என்றுதான் வகுப்புக்குப் போனேன்.

புத்தகத்தைத் திறந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் கை தூக்குவதால் வகுப்பே அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர் வைத்துவிட்டது. ‘நாய் துரத்தும் சந்து’ வரைந்தவள் அவள்தான். கை தூக்கினாள்.

“டீச்சர், அந்த அளவுகோல் இங்க வந்திருக்காரா?”

“இல்லம்மா.”

“ஒரு தடவை கூட?”

“இல்ல.”

“அப்ப இது விளையாட்டுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“அவர்கிட்டயே கேட்டுச் சொல்றேன்” என்றேன். அந்த அவர் என் தம்பி என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

உன் விதிமுறையைப் படித்தேன். ‘பெயர்ப் பலகையில் உள்ளபடி’ என்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு தெருவுக்கும் பலகை கிடையாது. தபால் கொண்டுவரும் அம்மா கேட்டுக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். பலகை இல்லாததால் நீ பெயரை ஏற்க மாட்டாய். பெயர் இல்லாததால் பலகை வராது. நல்ல ஏற்பாடு.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கு.

அக்கா

*

ஜூலை 19

அக்கா,

அந்தப் பெண்ணுக்குப் பதில்: தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் பார்ப்பது செயற்கைக்கோள் படம். உங்கள் பகுதியின் படம் எடுத்த தேதியை இன்று தேடிப் பார்த்தேன். மூன்று வருடம் பழையது. இதுவரை நான் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை.

கணக்கைத் திறந்துவிட்டேன். காரணம் கிடைத்துவிட்டது: நீக்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

தெருக்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். இருபத்தொன்று அப்படியே பொருந்துகிறது. காலடியால் அளந்தவர்கள் என்று நம்ப முடியவில்லை. சில இடங்களில் எங்கள் ஆபீஸ் கருவியை விட ஒழுங்கு. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாயிற்று. அந்த நாய்ச் சந்து மட்டும் படத்தில் மரத்தடியில் மறைந்திருக்கிறது. யாராவது போனில் பாதைப் பதிவைப் போட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கட்டும். நடந்த தடம் கோடாக வந்தால் போதும்.

பெயர்கள் விஷயம் வேறு. பலகை இல்லையென்றால் ஆள் வேண்டும். ஒரு பெயருக்கு மூன்று சாட்சி. உன் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. யார், எங்கே, என்றைக்குச் சொன்னார், என்ன சொன்னார். அவர் சொன்ன வார்த்தையிலேயே. ஒரு பெயருக்கு ஒரு தாள். ஸ்கேன் எடுத்து அனுப்பு. ஒரு வாரம் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நில அளவைத் துறை தன் பழைய வரைபடங்களை எல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது, இலவசம்தான். உங்கள் பகுதியின் எண்பது வருடம் முந்தைய தாளின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல். எப்படி என்று படம் போட்டு விளக்கியிருக்கிறேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன், அவர்களே பார்க்கட்டும்.

தம்பி

*

ஆகஸ்ட் 4

தம்பி,

ஸ்கேன் கருவி தலைமையாசிரியை அறையில் உறைபோட்டுத் தூங்குகிறது. அதனால் தாள்களையே அனுப்புகிறேன். ஒரு வாரம் என்றாய், இரண்டு ஆயிற்று. மனிதர்களைக் கேட்டுப் பதில் வாங்குவது பொத்தான் அழுத்துகிற மாதிரி இல்லை, கண்ணா.

புத்தகத்தை மூடிவிட்டேன். தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “உங்க தலையெழுத்து டீச்சர்” என்றார். ஆனால் மறுநாள் புரொஜெக்டரின் சாவியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

வகுப்பு இப்போது கோர்ட்டு மாதிரி இருக்கிறது. ‘மூணு தையல்காரர் முக்கு’ தாளைப் பார். அங்கே இப்போது இருப்பது இரண்டே தையல்காரர். ஒருவர் கடையை விற்றுப் போய் நான்கு வருடமாகிறதாம். “அப்ப பேரை மாத்தணும்” என்று பாதிப் பேர், “ஆள் போனாலும் பேரு போகலயே” என்று பாதிப் பேர். ஒரு பீரியட் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. தீர்ப்பை உன்னிடம் விட்டிருக்கிறார்கள்.

‘நீச்சல் தெரு’வைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்னும் எனக்குச் சிலிர்க்கிறது. மழை பெய்தால் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், கட்டிலில் ஏறி உட்காருவார்கள். பிள்ளைகள் அதை வேடிக்கைப் பெயராகத்தான் எழுதினார்கள். நீ கொடுத்த பழைய தாளை எடுத்து, சொன்னபடி மேலே வைத்தோம். அந்தத் தெரு இருக்கும் இடத்தில் ஏரி. கரையின் வளைவு கூட இன்றைய தெருவின் வளைவுதான். அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண் மெதுவாகச் சொன்னாள்: “அப்ப தண்ணி எங்க வீட்டுக்குள்ள வரல டீச்சர். நாங்கதான் தண்ணியோட வீட்டுக்குள்ள இருக்கோம்.” பதின்மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிறேன், நிரந்தரம் இல்லாமல் ஐந்து பள்ளியில். இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எட்டுப் பெயருக்கு மூன்று மூன்று சாட்சி வந்துவிட்டது. சிக்கல், நாய்ச் சந்தில். கோடு கிடைத்துவிட்டது, ஓடிய வேகத்தில் பதிவாகியிருக்கிறது. ஆனால் பெயருக்குச் சாட்சி இரண்டே பேர்: தபால் அம்மாவும், கேஸ் சிலிண்டர் போடுகிறவரும். சந்துக்காரர்கள் ஒன்பது பேரைக் கேட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே குரல்: “எங்க நாய் யாரையும் துரத்தாது.” ஒருவர் இன்னும் மேலே போய், “அது துரத்தலம்மா, வழியனுப்புது” என்றாராம். சந்தேகம்தான் கண்டுபிடித்தாள்: அது சந்துக்காரர்களைத் துரத்துவதில்லை, அதனால் அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியவே தெரியாது. வெளியாள் மட்டும்தான் சாட்சி. வெளியாள் யாரும் அந்தப் பக்கம் இரண்டாம் தரம் வருவதில்லை.

என்னையும் அது இரண்டு முறை துரத்தியிருக்கிறது. என்னை மூன்றாவது சாட்சியாக வைத்துக்கொள்ளேன். இருபத்தொன்றாம் தேதிக்குள் ஒன்பதும் வரைபடத்தில் ஏறிவிட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்கா,

எட்டும் ஏறியாயிற்று. தையல்காரர் முக்கு ‘மூணு’ என்றே இருக்கட்டும். மூன்று சாட்சியும் அப்படித்தான் சொல்கிறார்கள்; அதில் ஒருவர், மிச்சமிருக்கும் இரண்டு தையல்காரர்களில் ஒருவரே. நாம் பதிவது ஜனங்கள் கூப்பிடும் பெயரை. தையல்காரர்களை எண்ணுவது வேறு துறை.

நாய்ச் சந்து: கோட்டை ஏற்றிவிட்டேன். அதன் வழியாக இப்போது வழி காட்டும். பெயரை ஏற்ற முடியாது. இரண்டு என்பது மூன்று இல்லை. நீ சாட்சி ஆக முடியாது. வழக்குப் போட்டவளே நீதான். திட்டுவாய் என்று தெரியும். ஆனால் இதை நான் விட்டுக்கொடுத்தால் மற்ற எட்டும் ‘அக்காவுக்காகத் தம்பி போட்டது’ ஆகிவிடும். அந்தப் பிள்ளைகள் அதற்காகவா நடந்தார்கள்?

அந்தத் தாள்களை ஆபீசில் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தேன். எங்கள் குழுத் தலைவர் வந்து நின்று படித்துவிட்டு, “எந்த கம்பெனி பண்ணுன சர்வே இது?” என்றார். எட்டாம் வகுப்பு என்றேன். நம்பவில்லை. ஓரத்தில் இருக்கும் மசிக் கறையையும், “சாட்சிக்குக் காது கேக்கல, மூணு தடவ கத்தினோம்” என்ற குறிப்பையும் காட்டினேன். அப்புறம் நம்பினார்.

சொல்ல வந்தது வேறு. நான் இந்த நான்கு வருடத்தில் பன்னிரண்டாயிரம் திருத்தத்தை நீக்கியிருக்கிறேன். கணக்கு எடுத்துப் பார்த்தேன். அதில் எத்தனை ‘நாய் துரத்தும் சந்து’ இருந்ததோ. இனி கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பொத்தானில் இருந்த வாசகத்தை மாற்றிவிட்டேன். இனி நீக்கும் முன் இது போகும்: “இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.”

காத்திருப்பது எனக்கு வராது என்று நீ சிரிப்பாய். சிரி.

இருபத்தொன்றாம் தேதி முடிந்த உடனே எழுது. எழுத நேரமில்லை என்றால் போனையாவது எடு.

தம்பி

*

ஆகஸ்ட் 21, மாலை

டேய் அளவுகோலே,

போனை எடுக்கவில்லை, ஏனென்றால் இதை நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். உட்கார்ந்து படி.

காலை ஒன்பதே முக்கால். ஆய்வு பத்து மணிக்கு. பலகையில் தேதி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆய்வு அதிகாரி ஓடி வருகிறார். கோப்பு ஒரு கையில், ஒரு செருப்பு மறுகையில். பின்னால் பழுப்பு நிறத்தில், ஒரு காது மடங்கிய நம் ஆள். பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை முடிந்த மாதிரி திரும்பிப் போய்விட்டது.

என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே வந்து கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “டீச்சர், இன்னைக்கு மேப் நேரா வழி காட்டுச்சு. பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். ஆனா... அது என்ன சந்து?” என்றார்.

நாற்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் பெயரைச் சொன்னார்கள். தலைமையாசிரியை அறை வரை கேட்டிருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் சந்தேகம் தாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“சார், எங்க வகுப்புல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

“இல்லையேம்மா.”

“அந்தச் சந்துல?”

“கடவுளே, இல்ல.”

“அப்ப நீங்க மூணாவது சாட்சி. என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தையிலயே எழுதுங்க.”

அவர் அந்தத் தாளை முழுக்கப் படித்தார். இவருக்கு முன்னால் இரண்டு சாட்சி என்ன சொன்னார்கள், ஒன்பது பேர் ஏன் மறுத்தார்கள், கீழே சந்தேகம் எழுதிய குறிப்பு, எல்லாம். “மறுத்தவங்களையும் எழுதி வெச்சிருக்கீங்களே, ஏன்?” என்று கேட்டார். “அவங்களும் பொய் சொல்லல சார். அவங்களுக்கு நடக்கல, அவ்வளவுதான்” என்றாள். செருப்பைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்தார். அவர் எழுதியதை நீயே பார். தாள் உள்ளே இருக்கிறது.

அப்புறம் பாடம் நடந்தது. ஏரியைத் தெருமேல் வைத்துக் காட்டினார்கள். அதிகாரி இந்த முறை கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நீச்சல் தெருப் பெண்ணிடம் போன மழையில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டு, எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம் குறிப்பைக் கொடுத்தார். பழைய வரியை ஒரே கோடாக அடித்திருந்தார். கீழே: “முந்தைய குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கிறேன்.” தலைமையாசிரியை அதை வாங்கிப் படித்துவிட்டு, “நல்லவேளை, நான் சொன்னதை நீங்க கேக்கல டீச்சர்” என்றார்.

திரும்பிப் போக வேறு வழி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். சுற்றிப்போகும் வழியைப் பிள்ளைகள் வரைபடத்தில் காட்டினார்கள்.

அவர் போன பிறகு ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு பசித்தது. இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் பசி என்று ஒன்று தெரிந்தது.

நீ அன்று எனக்காக விட்டுக்கொடுத்திருந்தால் அந்தத் தாளில் அவருக்கு இடமே இருந்திருக்காது. இதை நான் ஒருமுறைதான் சொல்வேன், வெட்டி எடுத்து வைத்துக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அக்கா,

சாட்சி எண் மூன்று: “காலை 9.41 மணிக்கு மேற்படி சந்தில் நுழைந்தேன். பழுப்பு நிற நாய், இடது காது மடங்கியது. முன்னறிவிப்பின்றித் துரத்தியது. தூரம் சுமார் நூற்றைம்பது அடி. பெயர் பொருத்தமானது என்று உறுதி கூறுகிறேன்.” கையெழுத்து, பதவி, தேதி. முத்திரை கூடக் குத்தியிருக்கிறார். நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. ஆபீசில் சத்தமாக வாசித்தேன். குழுத் தலைவர் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

பெயர் ஏறியாயிற்று. இன்று காலை 10.05. போனில் திறந்து பார்.

நீ நிரந்தரம் என்பதைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். உன் வேலை போயிருந்தால் அது என் ஒரு பொத்தானால் போயிருக்கும். அதை உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் விதிமுறை பேசிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள். உன் வகுப்பிலும் நான் சொன்னதாகச் சொல்லிவிடு: அளவுகோல் தப்பாக அளந்துவிட்டான். அவன் உன் தம்பி என்பதையும் இனிச் சொல்லலாம். வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சந்தேகத்திடம் ஒன்று தனியாகச் சொல். “அந்த அளவுகோல் இங்க வந்திருக்காரா?” என்று அவள் கேட்டாள் அல்லவா. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்குக் குறுக்கு வழி எது என்று வரைபடத்தில் பார்த்தேன்.

அதே சந்துதான். வெளியாள்தானே நானும். ஒரு தாள் எடுத்து வைக்கச் சொல்.

தம்பி